கருவாட்டு வண்டியில் ஏறிய தேயிலை

என் கோபம் இன்றுவரை ஆறாத ஆள் ஒருவன் உண்டு. ஐம்பதுகளின் நடுவில், ராயபுரத்தில் ஒரு மாட்டுவண்டிச் சரக்குக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த கணிதப் பட்டதாரி. வயது இருபத்திரண்டு. கையில் கிடைத்தால் பளார் என்று ஒன்று விடுவேன். கிடைக்க மாட்டான், ஏனென்றால் அவன் நான்தான்.

அந்த மேதாவி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் படித்துத் தொலைத்தான். எங்கிருந்து எங்கே எத்தனை வண்டி அனுப்பினால் மொத்த ஓட்டம் குறையும் என்று கட்டம் போட்டுக் கண்டுபிடிக்கும் புதுக் கணக்கு. அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் வண்டிகளில் நான்கு, காசிமேட்டிலிருந்து திருவொற்றியூருக்குக் கருவாடு கொண்டுபோய், காலியாகத் திரும்பும். வேறு நான்கு, இங்கிருந்து காலியாகத் திருவொற்றியூர் போய், கிடங்கிலிருந்து தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரும். ஒரு ராத்திரி முழுக்கக் கட்டம் போட்டேன். விடை பளிச்சென்று வந்தது. திரும்பும் கருவாட்டு வண்டியிலேயே தேயிலையை ஏற்று! (இதற்கு ஒரு பட்டம் வேறு.)

முதலாளி திருநெல்வேலிக்காரர். தாளைப் பார்த்து, "காலி வண்டியே ஓடாதாலே? படிச்சவன் படிச்சவன்தான்" என்றார்.

வண்டிகளுக்கு மேஸ்திரி கன்னியப்பன். இருபது வருஷமாக அங்கே இருப்பவர். தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா நைனா இது? அது கருவாட்டு வண்டி. பலகையில ஊறிப்போய் கீது. தேயிலைய ஏத்தினா பேஜாராப் பூடும்."

"மேஸ்திரி, கட்டத்தில் தூரம் இருக்கிறது, வண்டி இருக்கிறது. வாசனைக்குக் கட்டம் கிடையாது" என்றேன். இதைச் சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கருவாடு ஒரு வாசனையே இல்லை, அதுதான் காற்று.

"முதலாளி சொல்லிவிட்டார், ஏற்றுங்கள்" என்றும் அதட்டினேன். அவர் ஏற்றினார்.

வழியில் தூறல். பெட்டிகள் நனையாமலிருக்க, வண்டியோட்டிகள் வண்டியிலிருந்த கோணிகளை எடுத்து மூடினார்கள். கருவாடு சுற்றிய கோணிகள். துறைமுக வாசலில் வரிசை நகரவில்லை. உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பெட்டிக்குள் இறங்க, தேயிலை அரை நாள் அதில் ஊறியது.

தேயிலைக் கம்பெனி துரை ஒரு பெட்டியைத் திறந்து மூக்கை விட்டார். எடுத்த மூக்கை அப்புறம் எங்கள் பக்கம் திருப்பவே இல்லை. அத்தனை பெட்டியையும் திருப்பி அனுப்பினார்.

முதலாளி ஆபீசில் குதித்தார். "ஏய் மேஸ்திரி, கருவாட்டு வண்டியில தேயிலைய ஏத்துனியா? இருபது வருஷம் என்னத்தலே கிழிச்ச? நாளைலேருந்து வராத!"

"வோணாம்னுதான் சொன்னேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி என்னைப் பார்த்தார். தாள் என் கையில்தான் இருந்தது. முதலாளிக்கு அது ஞாபகமே இல்லை. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிஷம். அதற்குள் மேஸ்திரி தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, வண்டிக் கொட்டகைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, வாசல்படி இறங்கிவிட்டார்.

அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. "நான் போட்ட கணக்கு முதலாளி. அவர் வேண்டாமென்றார், நான்தான் ஏற்றச் சொன்னேன்."

என் வேலை போனது. மேஸ்திரியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வெளியே வந்த என்னைத் தெருவில் நிறுத்தி அவர் சொன்னார்: "கணக்கு கரீட்டுதான் நைனா. மூக்குதான் வுட்டுப்போச்சு."

பிறகு பள்ளிக்கூட வாத்தியாராகி, இதை வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அதுதான் வினையாயிற்று. திருப்பதிக்குப் போக ரயில் நேரம் பார்த்தாலும், கல்யாணப் பந்திக்கு இலை எண்ணினாலும் ஏதாவது ஒரு பேரன் கத்துவான்: "தாத்தா, மூக்கைச் சேத்தாச்சா?" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அவர்களுக்குச் சொன்ன கதையில், முதலாளி கத்தியதுமே நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிகாரத்தை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.