சவுத்போர்ட்டுக்கு வர வேண்டாம்

சவுத்போர்ட்,
புதன்கிழமை

அன்புத் தங்கை எட்னாவுக்கு,

அண்ணன் ஹெர்பர்ட் எழுதுவது. நீயும் உன் கணவர் கிளிஃபும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். சனிக்கிழமை எங்களோடு வந்து தங்குவதாகச் சொல்லியிருந்தீர்களே, வர வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரியாதது இல்லை. குளிர்காலம் முழுக்க என் மனைவி பெரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கோடைக்கு என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போ ஹெர்பர்ட். கால நனைச்சா போதும்." நீ பிளாக்பூல் கடற்கரைக்குப் போகச் சொன்னாய். நான்தான் அங்கே கூச்சல், கும்பல், வெங்காயம் பொரிக்கிற நாற்றம் என்று உனக்கே பாடம் நடத்திவிட்டு, இந்த சவுத்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஆயுள் முழுக்க பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டவன் அல்லவா, சமையலறை மேஜையில் உட்கார்ந்து, மாடிப்படி ஏறத் தேவையில்லாத அறை, கடலைப் பார்த்த ஜன்னல், மழை வந்தால் ஒதுங்க டீக்கடை, அவள் கைத்தடி வழுக்காத நடைபாதை என்று ஒவ்வொன்றாக யோசித்து ஏற்பாடு செய்தேன். எல்லாவற்றையும் யோசித்த நான் கடலை மட்டும் யோசிக்கவில்லை.

வந்த அன்று பெரில் திரைச்சீலையை விலக்கினாள். மணல். அதற்கப்பால் மணல். அதற்கும் அப்பால் சேறு. வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஏன் ஹெர்பர்ட், கடல எங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். விடுதிக்காரி திருமதி ஹார்கிரீவ்ஸிடம் போய் விசாரித்தேன். தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, "இருக்கு, இருக்கு. வரணும்னு தோணினா வரும். இல்லாட்டி அது பாட்டுக்கு அங்கயே கிடக்கும்" என்றாள்.

"கடலைப் பார்த்த ஜன்னல்னு எழுதியிருந்தீங்களே?"

"ஜன்னல் பார்த்துக்கிட்டுதானே இருக்கு" என்றாள்.

அப்புறம் தினமும் பெரில் கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் மழைத்துணியைக் கட்டிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து சேற்றைப் பார்த்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தைகள் மணல் அள்ளுகிற சிவப்பு வாளி ஒன்றை வாங்கிக்கொண்டு, அவளால் கடல்வரை நடக்க முடியாவிட்டால் என்ன, கடலை நான் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினேன். "கிறுக்குத்தனம் பண்ணாத" என்று பின்னாலிருந்து கத்தினாள். காது கேட்காதவன் மாதிரி நடந்தேன். நான் போகப் போகக் கடலும் பின்வாங்கிப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாகத் தண்ணீரை எட்டி, வாளியில் மொண்டுகொண்டு திரும்புகையில் வலது கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டது. அதை இழுக்கப் போய் இடது காலும் இறங்கியது. பிள்ளைகளைக் கழுதைச் சவாரி கூட்டிப்போகிறவன் கயிற்றோடு வந்து, "ஆடாதீங்க பெரியவரே, ஆடினா இன்னும் இறங்குவீங்க" என்றான். "நான் ஆடலப்பா, நடுங்கறேன்" என்றேன். கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பிலும் மறு முனையைக் கழுதையிலும் கட்டி, முள்ளங்கி பிடுங்குவது போல என்னைப் பிடுங்கினான். நடைபாதையில் ஜனங்கள் கைதட்டினார்கள்.

வாளியில் மிஞ்சியது ஒரு கை சேற்றுநீரும் ஒரு நண்டும். பெரில் எட்டிப் பார்த்து, "இதுல நண்டு குளிக்கவே தண்ணி பத்தாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உன் பேச்சைக் கேட்டிருக்கலாம் எட்னா. அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூட என் வறட்டுப் பிடிவாதத்தால் கெடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமையே ஊர் திரும்புகிறோம்.

கிளிஃபின் முதுகுவலி தணியட்டும். உன் ரோஜாச் செடிகளைப் பூச்சி அண்டாதிருக்கட்டும். ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் அண்ணன்,
ஹெர்பர்ட்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பினால் பெரிலைக் காணோம். தடியை ஊன்றித் தனியாகவே தெருவைத் தாண்டிப் போய், கடற்சுவர்ப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். காலுறைகள் மடியில், கால்கள் முழங்கால் வரை தண்ணீரில். சுவர் வரைக்கும் கடல்தான். "என்னைக் கூப்பிடலையே?" என்றேன். "நீ எழுதிக்கிட்டிருந்த. அது காத்திருக்குமா?" என்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு நீங்கள் புறப்பட்டு வாருங்கள். விடுதியில் சாப்பாட்டு மணி அடித்து வெகு நேரமாகிறது. இவள் எழுந்து வருவதாகத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.