ஃபிரீடா வீட்டு வாசலில் பதினைந்து வண்டிகள்

கிம்லி, மானிடோபா
பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை

மதிப்பும் பயமும் ஒருசேர உரிய அக்கா சோல்வேக்குக்குத் தம்பி இங்வார் எழுதுவது.

நீயும் அத்தானும் விக்டோரியாவில் இந்த மாதத்திலேயே பூக்களைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஏரி உறைந்து கிடக்கிறது. இன்று காலை மைனஸ் முப்பத்தொன்று. வீட்டில் தெல்மா நலம். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் உனக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

நவம்பரில் நீ சர்ச் மகளிர் குழுவுக்குப் போன் செய்து, "என் தம்பி முப்பத்தோரு வருஷம் கரண்ட் கம்பம் ஏறினவன். கம்ப்யூட்டரும் கரண்ட்லதானே ஓடுது? அவன் செஞ்சு குடுத்துடுவான்" என்று சொன்னாய் அல்லவா, அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. விஷயம் உனக்குத் தெரியும். ஃபிரீடா மக்னுசனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் எழுபது கிலோமீட்டர் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வண்டியும் ஓட்டத் தெரியாது. அதனால் ஊரில் பதினேழு பேர் முறை வைத்து அழைத்துப் போகிறோம். யார் முறை, யாரால் முடியாது என்று தெல்மா போனிலேயே நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தாள்; முந்தின நாள் ஃபிரீடாவும் முறைக்காரரைக் கூப்பிட்டு வண்டி கேட்பாள். அதற்குப் பதிலாக இணையத்தில் ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். நானும் நூலகத்திலிருந்து தடிமனான ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்து அறுபத்தேழாவது வயதில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் பாஷை படிக்க உட்கார்ந்தேன்.

கேட்டால் சுலபமாகத்தான் இருக்கும், அக்கா. இணையப் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும், அதாவது தலைப்பு, பட்டியல், பட்டன் எல்லாவற்றுக்கும், ஒரு பெயர் வைக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது கைக்கு வந்துவிடும். அதன் எழுத்தை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம், வேண்டாமென்றால் பிடுங்கி எறியலாம். பிறகு பட்டன் பக்கத்தில் ஒரு காவல்காரனை நிறுத்தி, "யாராவது இதை அழுத்தினால் இந்த வேலையைச் செய்" என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். நான் என் காவல்காரனைப் பக்கத்தின் உச்சியிலேயே நிறுத்திவிட்டேன். பக்கம் மேலிருந்து கீழே வரைந்துகொண்டு வருமாம். அவன் போய் நின்றபோது கீழே பட்டனே பிறக்கவில்லை. இல்லாத பட்டனை எப்படிக் காவல் காப்பது? ஒரு வாரம் அந்தப் பட்டனை நான் அழுத்தினேன், தெல்மா அழுத்தினாள், சுவரை அழுத்துவது போலத்தான். கடைசியில் காவல்காரனை நிறுத்துகிற வரிகளைப் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தேன், உயிர் வந்தது. அடுத்து, பெயரை எழுதி அனுப்பினால் பக்கம் மொத்தமும் புதிதாகத் திறந்து, எழுதியதை முழுங்கிவிட்டு ஒன்றும் அறியாதது போல் நின்றது. படிவம் என்றால் அது அதன் பிறவிக் குணமாம், "அப்படிச் செய்யாதே" என்று நாமே ஒரு வரி எழுதித் தடுக்க வேண்டுமாம். அதையும் எழுதினேன். ஜனவரியில் பக்கம் ஓட ஆரம்பித்தது. ஊரே என் முதுகில் தட்டியது. அந்த இரண்டு வாரம்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன புதன்கிழமைக்கு முந்தைய புதன், லோர்ன் கோசாக்கின் முறை. அவன் டிரக் குளிரில் கிளம்பவில்லை. ஒழுங்காக, இணையப் பக்கத்தில் தன் வரியில் இருந்த "என்னால் முடியாது" என்ற சின்னப் பட்டனை அழுத்தியிருக்கிறான். ஆனால் அந்தப் பட்டன் உட்கார்ந்திருந்த வரிக்கு நான் வேறொரு காவல்காரனை வைத்திருந்தேன்: வரியை எங்கே தொட்டாலும் "வருகிறேன்" என்று குறித்துக்கொள்ள. உள்ளே இருப்பதை அழுத்தினால் அந்த அழுத்தம் அங்கேயே நிற்காதாம், நீரில் குமிழி போல மேலே ஏறி வெளியே இருப்பதையும் தொடுமாம். முதலில் "முடியாது" என்று பதிந்தது, அடுத்த நொடியே "லோர்ன் வருகிறார்" என்று மாறிவிட்டது. ஃபிரீடா கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு ஐம்பது நிமிடம் ஜன்னலோரம் நின்றிருக்கிறாள். மருத்துவமனையில் அவளுடைய டயாலிசிஸ் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள்தான் இடம் கிடைத்தது, நானே கூட்டிப்போனேன். காலிரண்டும் வீங்கி, பூட்ஸ் ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. வழி நெடுக ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "லோர்ன் டிரக் சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து குமிழி ஏறாமல் தடுக்கிற வரியை எழுதினேன். அதோடு விட்டிருக்க வேண்டும். இனிமேல் அவள் யாருக்காகவும் ஜன்னலில் நிற்கக்கூடாது என்று, அவளுக்கென்றே "எனக்கு வண்டி வேண்டும்" என்று பெரிதாக ஒரு பட்டன் வைத்தேன். அழுத்தினால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குச் செய்தி போகும். இதில் இரண்டு தப்பு செய்தேன். "செய்தி போய்விட்டது" என்று திரையில் காட்ட மறந்தேன், அது ஒன்று. இன்னொன்று, காவல்காரனை நிறுத்துகிற வரியை அந்தக் காவல்காரன் செய்கிற வேலைக்குள்ளேயே எழுதிவிட்டேன். அதனால் அவன் வேலை செய்யும் ஒவ்வொரு தடவையும் தன் பக்கத்தில் இன்னொருவனை நிறுத்திவிட்டான். முதல் தடவை அழுத்தினால் ஒரு ஆள், இரண்டாவது தடவை இரண்டு, மூன்றாவது தடவை நான்கு, நான்காவது தடவை எட்டு; ஒவ்வொருவனும் பட்டியலில் அடுத்த ஆளுக்கு ஒரு செய்தி அனுப்புவான். போன ஞாயிறு மத்தியானம் ஃபிரீடா அழுத்தினாள், திரையில் ஒரு அசைவும் இல்லை. மறுபடி அழுத்தினாள். மொத்தம் நான்கு தடவை. நீ கணக்கு வாத்தியார், கூட்டிப் பார்த்துக்கொள்.

திங்கள் காலை எட்டரைக்கு நான் அவள் தெருவில் திரும்பினேன். எனக்கும் செய்தி வந்திருந்ததே! வீட்டின் முன்னால் வண்டிகள் வரிசையாகப் புகை விட்டுக்கொண்டு நின்றன. இந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் அத்தனை வண்டி எதற்கு நிற்கும் என்று உனக்குத் தெரியும். வீங்கின கால் கண்ணுக்குள் வந்தது. நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். லோர்ன் தன் டிரக் கண்ணாடியை இறக்கி, "ஏம்ப்பா, எப்ப போச்சு உசுரு?" என்று ரகசியமாகக் கேட்டான். அப்போது வாசல் கதவு திறந்தது.

"எல்லாரும் ஏன் தெருவுல நிக்கிறீங்க? உள்ள வாங்க, சீக்கிரம். சூடெல்லாம் வெளிய போகுது!"

ஃபிரீடாதான்.

பதினைந்து பேர் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாக்ஸ் காலோடு அவள் கூடத்தில் நின்றோம். கிறிஸ்துமஸுக்குச் செய்து உறையவைத்திருந்த ப்ளம் அடுக்குக் கேக்கை எடுத்து வெட்டிக் காப்பியோடு கொடுத்தாள். அவள் தொடவில்லை. "எனக்கு ஆகாது. நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பட்டன் விவகாரத்தைச் சொன்னேன். லோர்ன் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. "அன்னிக்கு ஒருத்தருமில்ல, இன்னிக்கு பதினஞ்சு பேரு. சராசரி பாத்தா இங்வார் நல்லாத்தான் செய்யறான்," என்றாள் ஃபிரீடா. வேலைக்குப் போக வேண்டியவர்கள் போனார்கள், மற்றவர்கள் நான்கு வண்டியில் அவளைப் பின்தொடர்ந்து மருத்துவமனை வரை போனோம். அங்கே நர்ஸ் எட்டிப் பார்த்து, "எந்த மந்திரி வர்றாரு?" என்று கேட்டாள்.

எல்லோருக்கும் சிரிப்பு, எனக்கு மட்டும் இல்லை. ஒரு தடவை அவளை நிற்க வைத்தேன், அடுத்த தடவை ஊரை நிற்க வைத்தேன். மூன்றாவது தடவை என்ன ஆகும் என்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, அக்கா. பட்டன் தப்பைத் திருத்திவிட்டேன். ஆனாலும் இன்று காலை பக்கத்தை மொத்தமாக மூடிவிட்டேன், புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தெல்மாவை மறுபடி போன் எடுக்கச் சொல்லிவிட்டேன். கம்பத்தில் தப்பு செய்தால் நான் விழுவேன், இதில் வேறு யாரோ விழுகிறார்கள். இனி இந்த ஜன்மத்தில் எந்தப் பட்டனுக்கும் காவல் வைக்க மாட்டேன். தயவுசெய்து என் பெயரை வேறு யாரிடமும் சிபாரிசு செய்யாதே.

அத்தானுக்கு என் அன்பைச் சொல். முழங்காலைப் பார்த்துக்கொள். உங்கள் தோட்டமும் உடம்பும் செழிப்பாக இருக்கட்டும்.

என்றும் உன் சொல்லைத் தட்டாத, அதனாலேயே இந்தக் கதிக்கு ஆளான,
தம்பி இங்வார்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஃபிரீடா போன் செய்தாள். "பக்கம் எங்க போச்சு?" என்றாள். விவரம் சொன்னேன். "இங்வார், போன்ல கேட்டேன்னா அந்தப் பக்கம் பெருமூச்சு கேக்கும். யாரும் மாட்டேன்னு சொல்றதில்ல. ஆனா பேசறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவாங்க பாரு, அது கேக்கும். வாரத்துக்கு மூணு தடவை, நாலு வருஷமா கேக்கறேன். ஒம் பட்டன் மூச்சு விடல" என்றாள். பக்கத்தை மறுபடி திறந்துவிட்டேன். நூலகத்திலிருந்து புத்தகத்தையும் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். நாளைக்கு வண்டி வேண்டுமென்று இப்போதுதான் அழுத்தியிருக்கிறாள். செய்தி வந்தது எனக்கு மட்டும்தானா என்று தெல்மா பதினேழு பேருக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.