ஐயப்பன்தாங்கலில் ஒரு படிப்பறை

ஊர் ஊராகச் சுற்றும் குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் பொறாமைப்படுவார்கள். "உனக்கென்னடி, வருஷம் முழுக்க டூர்!" என்று என் வகுப்புத் தோழிகள் சொல்லாத நாளில்லை. டூர் போகிறவர்கள் வேறு, டூரையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் வேறு என்பது அவர்களுக்குத் தெரியாது. ராமேஸ்வரத்துக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் ஒரு தடவைகூட நின்று கடலைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பஸ் நிறுத்துமிடத்தில் அம்மா கிளறிய ரவா உப்புமாவைத்தான்.

அப்பா முருகேசன், பூந்தமல்லியிலிருந்து கிளம்பும் ஒரு யாத்திரை பஸ்ஸுக்கு முதலாளியும் டிரைவரும். அம்மா கலா, அந்த பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மூன்று வேளையும் சமைப்பவர். அம்மாவின் தம்பி சேகர் மாமா கிளீனர். டிரைவராக வேண்டும் என்பது மாமாவின் கனவு. ஸ்டீயரிங்கை அவரிடம் கொடுக்க அப்பாவுக்கு இந்த ஜென்மத்தில் உத்தேசமில்லை. நான் பத்தாவது முடிக்கும்வரை பள்ளி நாட்களில் ஆவடியில் அத்தை வீட்டில், லீவு விட்டால் பஸ்ஸில் என்று இருந்தேன். அதன் பிறகு அத்தை, மகன் வேலை பார்க்கும் பெங்களூருக்கே குடிபோய்விட்டார். ஹாஸ்டல் என்றாலே எனக்குக் காய்ச்சல் வந்தது. (நடிப்பில்லை. நிஜமாகவே தெர்மாமீட்டர் ஏறியது.) ஆக, பதினொன்றாம் வகுப்பில் சேர வேண்டிய நான், பஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஆன்லைனில் படிக்கலாமே என்று முதலில் சொன்னது மாமாதான். அவர் போனில் ஏதாவது விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். ஒரு பள்ளிக்கூடம், காலை எட்டிலிருந்து இரண்டு மணிவரை கேமராவுக்கு முன்னால் அசையாமல் உட்கார வேண்டும் என்றது. எங்கள் பஸ் மலை ஏறினால் கேமரா என்ன, போனே செத்துவிடும். இன்னொன்றில் எல்லாமே வசதியாக இருந்தது. ஆனால் அங்கே கொடுக்கும் சான்றிதழை இந்த ஊரில் எந்தக் காலேஜும் ஏற்றுக்கொள்ளாதாம். வேறொன்றில் சேரும் முன்பே ஒருவர் தினமும் போன் செய்து, என் எதிர்காலத்தைப் பற்றி என் அப்பாவைவிட அதிகமாகக் கவலைப்பட்டார். அவருக்குப் பயந்து அப்பா நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. பாடங்களைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள், சிக்னல் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். முழுப் பரீட்சைக்கு மட்டும் சென்னைக்கு வந்தால் போதும். அந்தப் பள்ளியிலிருந்து பேசிய பெண், "ஸ்டூடண்டுக்குத் தனி ரூம் இருக்கா சார்?" என்று கேட்டாள். இங்கேதான் எங்களுக்குச் சனி பிடித்தது.

"கீதும்மா. பெரிய ரூம்," என்றார் அப்பா.

பூந்தமல்லியில் எங்கள் வாடகை வீட்டில் இருந்ததே ஒரே ரூம்தான். அதிலும் பாதியை அண்டாக்கள் பிடித்துக்கொண்டிருந்தன. "ரூம் இல்லைன்னு சொன்னா சேத்துக்க மாட்டாங்க கலா. நாலு பேரு வீடு மாதிரி நம்ம வீடும் இருக்குன்னு நெனைக்கட்டும்," என்று அம்மாவிடம் அப்பா சொன்னபோது, எனக்கும் அது சரியாகவே பட்டது. எனக்கு பஸ் என்றாலே அவமானம். பின்னால் ஈர வேட்டிகள் காய, ஜன்னல் வழியாகச் சாம்பார் வாசனை வர, ஊர் ஊராகப் போகும் ஒரு வீட்டைப் பற்றி யாரிடம் சொல்வது?

சேர்க்கும் முன் பெற்றோர் இருவரும் நானும் வீடியோவில் வர வேண்டும், என் படிப்பறையையும் காட்ட வேண்டும். இன்டர்வியூ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அன்று மதியமே நவக்கிரக யாத்திரை முடித்து பஸ் பூந்தமல்லிக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஒன்பது கிரகங்களையும் சுற்றிவிட்டுத்தான் வருகிறோம் என்ற தைரியம் வேறு.

மெட்ரோ வேலை நடந்த காலம் அது. போரூர் தாண்டியதும் வண்டிகள் நின்றன. ஐயப்பன்தாங்கல் டிப்போவை நெருங்கும்போது மணி நாலே முக்கால். அப்பா மணியைப் பார்த்தார். பிறகு, பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடை முன்னால் பஸ்ஸை ஓரங்கட்டினார்.

"இங்கயே முடிச்சிக்கலாம்."

"எங்கப்பா?"

"இங்கதான். இதான் ரூமு."

அடுத்த பத்து நிமிடத்தில் எங்கள் குடும்பம் ஒரு வீட்டைக் கட்டியது. நடைபாதையின் கடைசியில், பின் கண்ணாடியைப் பார்த்தபடி மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல். பின் சீட்டில் கவிழ்த்த இட்லிப் பானை, அதில் சாய்த்து வைத்த போன். எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர் வேண்டுமே? அதற்கு மாமா ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டினார். ஒரு முனையைச் சாமான் வைக்கும் கம்பியில் முடிந்தார். மறுமுனையைக் கட்ட இடமில்லை. "நான் பிடிச்சுக்கறேன்," என்று எழுந்து வந்தார் ஏழாம் சீட்டு.

(எங்கள் பஸ்ஸில் எல்லோருக்கும் சீட் நம்பர்தான் பெயர். ஏழு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். திருமுல்லைவாயில்காரர்.)

வேட்டியில் ஒரு முருகன் காலண்டரைக் குண்டூசியால் குத்தியதும் அது சுவராகவே ஆகிவிட்டது. அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு யாரோ ஒரு சீட்டின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டார். இறுக்கத்தில் மூன்று பட்டன் பூட்ட முடியவில்லை. பிறகு வேட்டிக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டி, பஸ் முழுக்க உட்கார்ந்திருந்த யாத்ரீகர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அய்யா, அம்மா, எம்பொண்ணு படிப்பு. கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க. இருமாதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு என்மேல் பாசம். ஒன்பது கோயிலிலும் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள். இருபத்திரண்டாம் சீட்டு மட்டும் கையை உயர்த்தினார். பருத்திப்பட்டில் தனியாக வசிக்கும் ராஜேஸ்வரி அம்மா.

"முருகேசா, எனக்கு பாத்ரூம் போகணும்ப்பா."

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா, ஆயிடும்."

ஐந்து மணிக்கு போனில் ஒரு மேடம் வந்தார். கண்ணாடி, மென்மையான குரல், சிரித்த முகம். அவருக்குப் பின்னால் நிஜமான சுவர்.

"இதுதான் உன் ஸ்டடி ரூமா, கௌசல்யா?"

"ஆமா மேடம்," என்றேன். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. டிப்போவுக்குள் நுழைந்த பஸ் ஒன்று காது கிழிய ஹாரன் அடித்தது.

"மெயின் ரோட்டுல வீடு மேடம்," என்றார் அப்பா.

"பரவாயில்ல சார். கௌசல்யா, சும்மா ஒரு கேள்வி. ஒரு வட்டத்தோட ஆரத்தை ரெண்டு மடங்காக்கினா, பரப்பளவு எத்தனை மடங்காகும்?"

எனக்குத் தெரிந்த கேள்விதான். ஆனால் அந்த நேரத்தில் வட்டம் என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. "ரெண்டு," என்றேன்.

"நாலு!" என்றது சுவர். "ஆரத்தோட வர்க்கம்டி கொழந்தை!"

மேடத்தின் புருவம் உயர்ந்தது. "யாரு சார் அது?"

"அவ தாத்தா மேடம்," என்றார் அப்பா. என் தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அம்மா மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓ, தாத்தாவும் கூட இருக்காரா?"

அந்த நேரம் பார்த்து வேட்டிக்குப் பின்னால் யாரோ அடக்கி வைத்திருந்த இருமலை விட்டார்கள். அது தொற்றுநோய் மாதிரி முன் சீட்டு வரைக்கும் பரவியது.

"கூட்டுக் குடும்பம் மேடம்."

"முருகேசா," என்று தீனமான குரல் கேட்டது. "என்னால முடியலப்பா."

"பெரியம்மா. உடம்பு சரியில்ல," என்றார் அப்பா. கடன் சட்டையின் நாலாவது பட்டன் தெறித்து இட்லிப் பானையில் பட்டு டிங்கென்றது. இத்தோடு முடிந்திருந்தால்கூட ஏதோ ஒரு மூலையில் எனக்கு நம்பிக்கை மிச்சமிருந்திருக்கும். அப்போதுதான் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் தடதடவென்று அடி விழுந்தது.

"யோவ்! யார்யா உள்ள? ரோட்ட அடைச்சிக்கினு இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

டிராபிக் போலீஸ்காரர்.

"சார், யாரோ கதவைத் தட்டறாங்க போல?" என்றார் மேடம்.

"ஹவுஸ் ஓனர் மேடம்."

"இப்ப எடுக்கிறியா, இல்ல வீலுக்கு லாக் போடவா?" என்றார் ஹவுஸ் ஓனர்.

"எதை எடுக்கச் சொல்றாரு?"

அப்பா முகத்தில் அப்படி ஒரு திண்டாட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "குப்பைய மேடம்," என்றார்.

வீலுக்குப் பூட்டு என்றதும் சேகர் மாமா பதறிவிட்டார். எத்தனையோ வருடமாக அவர் காத்திருந்த சந்தர்ப்பமும் அதுதான். "மாமே, நீ பேசிக்கினே இரு, நான் பாத்துக்கிறேன்!" என்று கத்தியபடி முன்னால் ஓடி, டிரைவர் சீட்டில் ஏறி, பஸ்ஸைக் கிளப்பினார்.

பஸ் குதித்தது.

நாங்கள் மூன்று பேரும் ஸ்டூலோடு போனை நோக்கிப் போனோம். பின்னாலேயே சுவர் வந்தது. சுவரோடு ஏழாம் சீட்டு வந்தார். வாத்தியாரும் வேட்டியும் முருகன் காலண்டரும் சேர்ந்து எங்கள்மேல் விழுந்தார்கள். வேட்டியை விலக்கிக்கொண்டு நான் தலையைத் தூக்கியபோது, போன் மட்டும் இட்லிப் பானையில் சாய்ந்தபடி சௌக்கியமாக இருந்தது. அதில் என் முகத்துக்குப் பின்னால், திருநீறும் குங்குமமும் பூசிய அத்தனை யாத்ரீகர்களும் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததோடு விடவில்லை. மரியாதை தெரிந்தவர்கள் அல்லவா? எல்லோருமாகக் கைகூப்பி, "வணக்கம் மேடம்!" என்றார்கள்.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"சார்," என்றார் நிதானமாக. "உங்க வீடு நகருது."

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மெட்ரோக்காரர்கள் ஏற்கெனவே பிளந்து வைத்திருந்தார்கள். இறங்கிப் போய் விழ வேண்டியதுதான் பாக்கி.

மாமா பிரேக் போட்டதும் முதலில் இறங்கி ஓடியது இருபத்திரண்டாம் சீட்டு. டிப்போவைப் பார்த்து ஓடியவரை அந்தப் போலீஸ்காரரே வழி விலகி அனுப்பினார்.

அப்பா எழுந்து, போனைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். பஸ், சமையல், அத்தை பெங்களூர் போனது, ஒற்றை ரூம், எல்லாம். மேடம் குறுக்கிடாமல் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"சார், இந்த ஸ்கூலையே உங்களை மாதிரி ஒரு இடத்துல இருக்க முடியாதவங்களுக்காகத்தான் ஆரம்பிச்சோம். சர்க்கஸ்ல இருக்கிற பையன் எங்ககிட்ட படிக்கிறான். பஸ்தான் எங்க வீடுன்னு முதல்லயே சொல்லியிருந்தா, சந்தோஷமாச் சேர்த்திருப்பேனே."

அப்பா போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டார்.

"ஆனா எங்க மாசப் பரீட்சையெல்லாம் பிள்ளைங்க இருக்கிற இடத்துலயே எழுதறாங்க. கூட இருக்கிற அப்பா அம்மாவை நம்பித்தான் நடத்தறோம். நீங்க கால் மணி நேரத்துல எனக்கு ஒரு தாத்தா, ஒரு பெரியம்மா, ஒரு ஹவுஸ் ஓனரைக் காட்டிட்டீங்க. இனி நான் எப்படி சார் நம்பறது?"

"மேடம், குழந்தை நல்லாப் படிப்பா. கேள்விக்குப் பதில் சொன்னதுகூட நான்தான், அவ இல்ல," என்று ஏழாம் சீட்டு எனக்காக வாதாடினார். அதற்குள் சிக்னல் போய்விட்டது. மறுநாள், இடமில்லை என்று பணிவாக ஒரு மெயில் வந்தது.

அன்று, இருபத்திரண்டாம் சீட்டு திரும்பி வந்து ஏறியதும் பூந்தமல்லிக்குக் கிளம்பினோம். அப்பா காக்கிச் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு ஓட்டினார். நான் கடைசி சீட்டில் இட்லிப் பானையைக் கட்டிக்கொண்டு அழுதேன். இனி எனக்குப் படிப்பு இல்லை, வெங்காயம்தான் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானாவது உண்மையச் சொல்லியிருக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வந்தோம். பையை எடுத்துக்கொண்டு இறங்கிய ராஜேஸ்வரி அம்மா, படியிலேயே நின்றார்.

"முருகேசா, என்னாலயும்தானே கெட்டுது. எங்க ஃபிளாட்ல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. இவ இங்க இருந்து ஆவடியில படிக்கட்டும். நகராத ரூம்."

ஹாஸ்டலுக்குக் காய்ச்சல் வந்த உடம்பு, இதற்கு ஏனோ பேசாமல் இருந்தது. இரண்டு வருடம் அந்த ரூமில் இருந்துதான் பிளஸ் டூ முடித்தேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இருந்து பார்த்தால் தெரியும். எனக்கென்று ஒரு மேஜை, ஒரு ஜன்னல், எதிரே ஏரி. எல்லாம் அசையாமல் அப்படியே இருக்கும். தூக்கமே வராது. பிறந்ததிலிருந்து என்னை அவமானப்படுத்திய அந்தச் சாம்பார் வாசனைக்காகத் தலையணையில் முகம் புதைத்து அழுதிருக்கிறேன். டூர் முடிந்து அப்பாவும் அம்மாவும் வந்து, ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுபடி கிளம்புவார்கள். பஸ் திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நிற்பேன். அம்மா மட்டும் பின் கண்ணாடி வழியாகக் கையாட்டிக்கொண்டே போவார்.

இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன தை மாதம் திருமுல்லைவாயிலில் இரண்டு படுக்கையறை உள்ள வீடாகப் பார்த்து, மாமாவும் சேர்ந்து எல்லோரும் வாடகைக்குக் குடிபோனோம். பால் காய்ச்ச ராஜேஸ்வரி அம்மாவும் வாத்தியாரும் வந்திருந்தார்கள். பால் பொங்கியது. எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா மட்டும் ஹாலின் ஒரு மூலைக்குப் போய், சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, முழுப் பலத்தோடு ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டார்:

"டேய் சேகரு, ஹேண்ட் பிரேக் போட்டுட்டியா?"