பதிமூணு அண்ணனும் நம்பர் இல்லாத தொப்பிகளும்

"தங்கள் கடையிலுள்ள பொருட்களின் அடையாள இலக்கங்கள் செல்லாதவை. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் தங்கள் கடை எமது தளத்திலிருந்து நீக்கப்படும்." நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை டிக்கோயா மேரிக்கு வந்த மின்னஞ்சலின் தமிழாக்கம் இது. தமிழாக்கியவன் நான். ஓரத்தில் தேதி குறித்ததும் நான்தான். இலக்கம் இல்லாத ஒரு பொருள் உலகத்தில் இருக்க முடியும் என்பதையே ஒப்புக்கொள்ளாத மனிதர் இந்த மலைநாட்டில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரை நான் முழுதாகத் தெரிந்துகொண்டது அந்த வாரத்தில்தான்.

அவருக்குப் பதிமூணு என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று ஹட்டனில் ஒருவருக்கும் தெரியாது. பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் கறுப்புக் கோடுகளும் அவற்றுக்கடியில் பதின்மூன்று இலக்கங்களும் இருக்குமே, அவற்றை மந்திரம் போல் முணுமுணுத்துக்கொண்டே தெருவில் நடப்பார். கொழும்பில் ஒரு பெரிய கடையில் கல்லாவில் நின்று, பொருட்களை இலக்கம் படிக்கும் கருவியின் ஒளிக்கு முன்னால் காட்டிக் காட்டிப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்தக் கருவியின் 'கீக்' சத்தம் அவர் காதிலிருந்து இறங்கவேயில்லை. கோயிலில் ஐயர் தீபாராதனை காட்டும்போதுகூட இவர் வாய் 'கீக்' என்றதாகச் சொல்கிறவர்கள் உண்டு.

ஸ்டேஷன் பக்கத்து மாடியில் என் மொழிபெயர்ப்பு அறைக்கு அடுத்த அறை அவருடையது. பிற்பகலானால் பனிமூட்டம் தண்டவாளத்தைக் கடந்து படியேறி வந்து எங்கள் இருவர் அறையிலும் உட்கார்ந்துகொள்ளும். அவருடைய கணினித் திரை மட்டும் அதற்குள் ஒரு சின்ன நீலக் குளம் போலத் தெரியும். கீழே ரயில் வருவதும் போவதும் வேறு யாருடைய கனவிலோ நடப்பது போல இருக்கும்.

ஒருநாள் கீழே தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று, "முதலாளி, இந்த ரோல்ஸுக்கு நம்பர் எங்க?" என்றார்.

"நம்பர் சாப்புடுறியா, ரோல்ஸ் சாப்புடுறியா?"

"நாளைக்கு ஒரு ரோல்ஸ் காணாமப் போச்சுன்னா எப்புடிங்க அடையாளம் சொல்லுவீங்க?"

"நீ தின்னுருப்பன்னு சொல்லுவேன்!"

என் புத்தக அலமாரியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னட்டையைத் திருப்பிப் பார்ப்பார். புதியவற்றில் இலக்கம் இருந்தால் முகம் மலரும். நான் உயிராகப் போற்றும் பழைய பதிப்பு ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "சார், தப்பா நெனைக்காதீங்க. இது புஸ்தகம் இல்ல. கட்டுன பேப்பரு" என்றார்.

இணையத்தில் விற்கத் தொடங்கிய சிறு வியாபாரிகளுக்கு இப்படிப்பட்ட ஆள்தான் தேவைப்பட்டார்; அவர்களுடைய பொருட்களைத் தளத்தில் ஏற்றிக்கொடுப்பதே அவர் தொழிலாயிற்று. சந்தைத் தளங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இலக்கத்தைக் கேட்கும். செய்த கம்பெனி கொடுத்த இலக்கத்தை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். கம்பெனி கொடுக்கவில்லையென்றால் சொந்தமாக ஒன்றைக் கற்பனை செய்யக் கூடாது. 'இல்லை' என்று ஒரு கட்டத்தில் குறித்துவிட வேண்டும். சட்டம் அவ்வளவுதான். அந்த முதல் பாதியைப் பதிமூணு வேதமாக நடத்தினார். கந்தப்பளையில் ஒருவர் தேயிலைப் பாக்கெட்டுக்கு, கைக்கு அகப்பட்ட வேறொரு பாக்கெட்டின் இலக்கத்தைப் போட்டுவிட்டார். பஸ் பிடித்து அங்கேயே போய்விட்டார் இவர். "டீத்தூளுக்குச் சவுக்காரத்து நம்பர் போட்டிருக்கீங்களே! வாங்குறவன் குடிக்கிறதா, குளிக்கிறதா?" என்று அவர் போட்ட சத்தத்தில் அந்தக் கடை நாய் அன்று முழுவதும் வெளியே வரவில்லையாம்.

சட்டத்தின் மறுபாதிக்கு, அந்த 'இல்லை'க்கு, அவர் கையில் வேலை வந்ததே இல்லை. மேரி வரும்வரை.

மேரி டிக்கோயாத் தோட்டத்துப் பெண். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழும் பெண்கள் பின்னிய கம்பளித் தொப்பிகளை இணையத்தில் விற்கக் கடை திறந்திருந்தாள். நத்தார் எனும் கிறிஸ்துமஸ் ஆர்டர்களை நம்பி மழை தொடங்கியதிலிருந்து எல்லோரும் பின்னிக்கொண்டிருந்தார்கள். தொப்பிகள் கட்டிலுக்கடியில் நிரம்பி, கட்டிலுக்கு மேலும் ஏறிவிட்டன. அந்த நேரத்தில்தான் மின்னஞ்சல் வந்தது. கடை மூடப்பட்டால் அத்தனை தொப்பியும் அத்தனை பேர் உழைப்பும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

என்னிடம் தமிழாக்கத்தை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள் மேரி. கூடவே பாக்கியம் என்ற பின்னல்காரி. நானும் பின்னால் போனேன். பதிமூணு திரையைப் பார்த்தார். ஒவ்வொரு தொப்பிக்கும் நேரே வரிசையாகப் பூச்சியங்கள், கடைசியில் மட்டும் இரண்டு மூன்று எண்கள்.

"தங்கச்சி, இது எந்த நாட்டு நம்பர்?"

"நாடு இல்லண்ணே, செக்ரோல் நம்பர். பதிமூணு எழுத்து வேணும்னு கேட்டுச்சு. முன்னால முட்டை போட்டு நெரப்பிட்டேன்."

தோட்டத்துப் பெயர்ப்பதிவில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இருக்கும் இலக்கம் அது. பாக்கியம் சற்றும் தயங்காமல் விளக்கம் சொன்னாள்: "நான் பின்னுனதுக்கு என் நம்பர்தானே போடணும்? தேயிலைக் கொழுந்து நிறுக்கிறப்பவும் அப்படித்தானே எழுதுறாங்க? இல்லாட்டி என் தொப்பி அடுத்த லயத்துக்காரி கணக்குல போயிறாதா?"

பதிமூணு சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாக்கியத்தைப் பார்த்த பார்வையில், ஒரே பாஷை பேசும் ஆளைப் பரதேசத்தில் கண்டுபிடித்த சந்தோஷம் இருந்தது.

"அண்ணே, 'இல்லை'ன்னு போட்டா சரியாப் போயிருமாமே. நான் போட்டுக் கெடுத்தது போதும், நீங்களே போடுங்க" என்றாள் மேரி.

அவர் போடவில்லை. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. மேரி தினமும் படியேறி வந்தாள். அவர் தினமும் அந்தக் கட்டத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். விரல் விசைக்கு மேலே நின்றபடியே நிற்கும். வெள்ளிக்கிழமை பிற்பகல் பனி வழக்கத்தைவிட அடர்த்தியாக உள்ளே வந்தது. சுவரும் கூரையும் கரைந்து, நீலத் திரையும் ஒரு விரலும் மட்டும் மிதந்தன.

"என்னாண்ணே, ஒரு குத்து குத்த உங்களுக்கு நல்ல நேரம் பாக்கணுமா?" மேரியின் குரல் வெள்ளைக்குள்ளிருந்து வந்தது. "ஞாயித்துக்கெழம கடைய மூடிட்டாங்கன்னா அத்தன தொப்பியையும் உங்க தலையிலதான் போடுவேன். ஒண்ணு மேல ஒண்ணா!"

விசைக்கு மேலிருந்த விரலை அவர் மடக்கிக்கொண்டார். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்:

"எங்கப்பா எந்தக் கவர்மெண்டுக் கந்தோருக்குப் போனாலும் இதே கேள்விதான் தங்கச்சி. அடையாளம் இருக்கா? இல்லைங்க மாத்தயா. இருக்கா? இல்லைங்க. பிரஜாவுரிமை கையில வர்றதுக்குள்ள கண்ணு தெரியாமப் போச்சு. அடையாளக் கார்டைத் தடவித் தடவித்தான் பாத்தாரு. நான் எப்புடி என் கையால 'இல்லை'ன்னு குத்துவேன்?"

கீழே ஒரு ரயில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. மேரி அவருக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பாக்கிட்ட கேட்டது ஆளுக்குண்ணே. இது தொப்பிக்குக் கேக்குறாங்க."

"தெரியும்."

"தொப்பிக்குக் கோவம் வராது."

"அதுவும் தெரியும்."

"பின்ன?" அவள் திரையில் ஓரிடத்தைத் தொட்டாள். "இங்க பாருங்க. நம்பர் இல்லாட்டியும், யாரு செஞ்சதுன்னு பேர் கேக்குறாங்க. அத மொதல்ல எழுதுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்ன பேர்?"

"லயத்துப் பின்னல்."

ஒவ்வோர் எழுத்தையும் பனிக்குள் விளக்கேற்றுவது போல அழுத்தினார். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். அதன்பிறகு, கண்ணை இறுக மூடிக்கொண்டு 'இல்லை' மேல் குத்தினார். 'கீக்' என்று சத்தம் வந்தது. கணினியிலிருந்து வரவில்லை.

மறுநாளே தளம் தொப்பிகளை ஏற்றுக்கொண்டது. நத்தாருக்கு முன் கட்டிலுக்கு மேலும் கீழும் காலி. அனுப்புவதற்குமுன் பொதிகளெல்லாம் அவருடைய அறையில்தான் இரண்டு நாள் அடுக்கிக் கிடந்தன.

தை பிறந்ததும் பதிமூணு மஸ்கெலியாவில் மருமகன் கடைக்குப் போய்விட்டார். அதற்குச் சில நாட்கள் கழித்துக் கனடாவிலிருந்து ஒரு பெண்மணி மேரிக்குப் படம் அனுப்பியிருந்தாள். தொப்பியின் உட்புறத்தில் சின்னத் துணி நாடா. அதில் மையால் 'பாக்கியம்' என்று எழுதியிருந்தது. இந்த எழுத்து யாருடைய பேரா, பாட்டு வரியா, பிரார்த்தனையா என்று கேட்டிருந்தாள். நான் வாங்கிய தொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். 'ராசாத்தி' என்றிருந்தது. தையல் மகா கோணல். பின்னத் தெரிந்த எந்தப் பெண்ணும் அப்படித் தைக்க மாட்டாள். மேரி தனக்குத் தெரியாது என்கிறாள். பாக்கியம் தனக்கும் தெரியாது என்கிறாள். போனில் கேட்டதற்குப் பதிமூணு, "என்ன தொப்பி சார்? லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டார்.

ஆகவே தைத்தது அவர்தானா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. நேரில் விசாரிக்கலாமென்று பலமுறை மஸ்கெலியா பஸ் ஏறிப் போயிருக்கிறேன். போனால் தேநீர் வாங்கிக் கொடுப்பார், பேசிக்கொண்டிருப்போம், கடைசி பஸ் வந்துவிடும். கேள்வியைக் கேட்டு முடித்துவிட்டால் அப்புறம் எதைச் சொல்லிக்கொண்டு அங்கே போவது?