உடைக்காத பாயும் ஒரு சொம்புத் தண்ணீரும்

ஸ்ரீரங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவிரிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் வெள்ளைப் பெயிண்ட். திருச்சி மாவட்டத்திலேயே சுத்தியல் வைத்துக்கொள்ளாத ஒரே டைல்ஸ் வேலைக்காரரை, அன்று காலை இன்னொருவர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் உடைக்காத பாய். பழைய டைல்ஸை சோடா உப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கோட் பெயிண்ட் அடித்துப் புதிதாக்குவார். புது டைல்ஸ் போட வசதியில்லாதவர்கள் அவரைத் தேடி வருவார்கள். ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டி, சுவரில் காதை வைத்துக் கேட்பார். உறையூரில் ஒரு வீட்டுக்காரர் பயந்துபோய், "என்ன பாய், ஆபத்தா?" என்றார். "உள்ள கொஞ்சம் காத்து இருக்குங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல."

இன்னொரு வீட்டில் மேஸ்திரி ஒருவர் உடைக்க வந்தபோது, பாய் குளியலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "முதல்ல என்னை உடைங்க." மேஸ்திரி திரும்பிப் போனார்.

நான் மருங்காபுரிக்காரன். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஹோட்டல், லாரி என்று சுற்றி பாயிடம் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் வயதான ஒரு மாமாவும் மாமியும் குடியிருந்த வாடகை வீடு. மாமா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கட்டில் சமையலறையை ஒட்டிய அறையில். "சமையலறை டைல்ஸ் கேவலமா இருக்கு. காலி பண்ணுங்க, உடைச்சு மாத்தணும்" என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார். மாமாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மாமி பாயைக் கூப்பிட்டார். உடைக்காமலே புதிதாக்கிவிட்டால் இருந்துகொள்ளலாம் என்று ஓனரும் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது கோட் அடித்து முடித்ததும் பாய் கைகூப்பினார். "மாமி, மூணு நாளைக்குத் தண்ணி மட்டும் படக்கூடாது. புது மாப்பிள்ளை மாதிரி பாத்துக்கங்க. அடுப்பு கூடத்துலயே இருக்கட்டும்."

என்னைக் காவல் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் பெயிண்ட் வாங்கப் போனார். மறுநாள் காலையும் நான்தான் காவல். மாமி வந்து நின்றார்.

"இன்னிக்கு துவாதசிப்பா. நேத்திக்கு பூரா உபவாசம். பெருமாளுக்குத் தளிகை பண்ணாம எப்படிச் சாப்பிடறது? கூடத்துல அதைச் சமைக்கப்படாது. உள்ளே அலம்பாம அடுப்பை மூட்டப்படாது. ஒரே ஒரு சொம்பு ஜலம்."

பட்டினி எனக்குத் தெரியும். சரி என்றேன். ஸ்ரீரங்கத்து மாமியின் சொம்பு ஒரு வாளி பிடிக்கும் என்பதுதான் தெரியாது. ஒரு மணி நேரத்தில் சுவரின் கீழ்வரிசைப் பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்தது.

பாயும் ஓனரும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். ஓனர் குனிந்து பார்த்தார். "என்ன இது?"

மாமி முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார்: "கலவையில தப்புங்க. நான்தான் கவனிக்கல. மூணு நாள் குடுங்க."

தன் வேலையில் தப்பு என்று எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ளாத மனிதர். ஓனர் முணுமுணுத்துக்கொண்டே போனார். பாய் என்னைத் திட்டியிருந்தால் இருந்திருப்பேன். அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் குந்திவிட்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் படுத்தேன். விடிந்ததும் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கக் கூப்பிட்டார்கள். போகாமல் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

பாய் கீழ்வரிசை முன்னால் குந்தியிருந்தார். திரும்பவில்லை.

"பாய், நேத்து..."

"மெதுவா தேய்ப்பா. மாமா இப்பதான் கண்ணசந்தாரு."

உட்கார்ந்து தேய்த்தேன். மூன்று நாள் கழித்து ஓனர் பார்த்தார், சரி என்றார். மாமா அதே கட்டிலில்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு பல ஊர்களில் பலரிடம் வேலை செய்துவிட்டேன். ஆனால் திரும்பி வந்த அந்தக் காலையை மறக்கவில்லை: நான் நுழையும் முன்பே ஜன்னல் விளிம்பில் உப்புத்தாள் இரண்டு துண்டாகக் கிழித்து வைக்கப்பட்டிருந்தது. பாய் ஒரு கையால்தான் தேய்ப்பார்.