தொடுவாய்க்கு இக்கரையில் ஒரு சோற்றுப் பானை

புது மாப்பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். (அந்த மாப்பிள்ளை நானாக இருந்தால் இரண்டு பேர்.)

நான் மல்லாவிக்காரன். வரம்பு வெட்டி வயலுக்குத் தண்ணீர் விடுவதில் புலி என்று எனக்கு நானே பட்டம் சூட்டியிருந்தேன். பெண் எடுத்தது கொக்கிளாய்ப் பக்கம். அங்கே களப்பு என்னும் கடற்கரை ஏரி கடலில் விழும் இடத்தைத் தொடுவாய் என்பார்கள். கோடையில் அலை மணலைக் குவித்து அதை மூடிவிடும். மாரியில் களப்பு நிரம்பி வயலுக்குள் ஏறும்போது, ஊர் கூடி மணலை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடும்.

கலியாணம் முடிந்த முதல் மாரி. கதிர் தள்ளக் காத்திருந்த மாமாவின் குடலைப் பயிர் கழுத்துவரை தண்ணீரில் நின்றது. இன்னும் ஒரு நாள் நின்றால் அழுகிவிடும். காலை முழுவதும் கடல் பக்கமிருந்து வாய்க்கால் வெட்டிக்கொண்டு வந்தோம். களப்போரம் ஒரு முழ மணல்தான் மிச்சம். எல்லாரும் வாய்க்காலைத் தாண்டி அக்கரை மர நிழலுக்குப் போனார்கள். மாமி கொடுத்துவிட்ட சோற்றுப் பானை மட்டும் இக்கரையில், நான் நின்ற பக்கம் இருந்தது.

“சாப்பிட்டிட்டு மிச்சத்தை வெட்டுவம். மருமகன், பானையைத் தூக்கிக்கொண்டு இங்கால வாங்கோ!” என்று மாமா கூப்பிட்டார்.

போயிருக்கலாம். சும்மா ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்போமே என்று தோன்றியது. தண்ணீர் கூடினால் ஒரு கட்டி மண் வைத்து அடைத்துவிடலாம். வயலில் அப்படித்தானே செய்கிறோம்!

வெட்டினேன். விரல் அகலத்தில் தண்ணீர் அழகாக ஓடியது. போதும் என்று மண்ணைப் போட்டேன். போட்ட மண் கடலுக்குப் போனது. பின்னாலேயே மண்வெட்டியும் போனது. கரை இடிய இடிய நான் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்வாங்கினேன். சற்று நேரத்தில் எனக்கும் மாமனார் வீட்டாருக்கும் நடுவில் ஓர் ஆறே ஓடியது.

“ஐயோ அத்தான், பாயாதேங்கோ!” என்று மச்சான் அலறினான். (பாயும் எண்ணமே எனக்கு இல்லை. நீந்தத் தெரியாது.)

“அப்ப சோறு?” என்றது இன்னொரு குரல்.

மாமா மட்டும் களப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளைக் கொடுத்ததற்கு வருந்துகிறார் என்று நினைத்தேன். திடீரென்று இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

“வடியுது! தண்ணி வடியுது! பயிர் தப்பிட்டுது, மருமகன்!”

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்படியொரு நிம்மதியை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. மணலில் குந்தினேன். நிம்மதி வந்ததும் பசியும் வந்தது. அக்கரையில் ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, பானையைத் திறந்தேன்.

பின்னேரம் வள்ளம் வந்து என்னை ஏற்றியபோது பாதிப் பானைதான் மிச்சம்.

இன்றைக்கும் மாமா வீட்டு விருந்தில் முதல் இலை எனக்குத்தான். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். மச்சான் குசினிப் பக்கம் திரும்பிச் சத்தம் போடுவான்:

“முதல்ல அத்தானுக்குப் போடுங்கோ அம்மா. பானையை மட்டும் அவருக்குக் கிட்ட வையாதேங்கோ!”