வெட்டுமேசைக்கு அனுமதி கேட்டு மாமனார் எழுதியது

நேர்மைக்கும் கண்டிப்புக்கும் பெயர் போன மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதும் கடிதம். நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். நீங்களும் என் மகளும் சகல நலத்தோடும் இருப்பீர்கள். கட்டட அனுமதி அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் நாற்காலியில் இருப்பவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது. மாப்பிள்ளையைப் பற்றி மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை விழுந்துவிடக் கூடாது என்று உங்கள் அத்தை எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே கீழே எங்காவது சூடு தெரிந்தால் அது பேனாவின் குற்றம் என்று எடுத்துக்கொள்ளவும்.

விஷயம் சின்னது. என் கண்ணாடிக் கடைக்குள் நீங்கள் உண்டாக்கிக் கொடுத்திருக்கும் சரக்கு இறக்கும் இடத்தில், லாரி வராத நாட்களில் என் வெட்டுமேசையைப் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும். அவ்வளவுதான். லாரி மாதத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி நேரம் வருகிறது. மிச்ச நேரமெல்லாம் அந்த இடம் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு சும்மா கிடக்கிறது. மேசைக்குச் சக்கரம் கூட வைத்துவிட்டேன். லாரி வந்தால் தள்ளிவிடுவேன். மாதக் கடைசியில் கடை உரிமம் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் மேசை உள்ளே வராவிட்டால், வெட்ட முடியாத கண்ணாடிக் கடைக்கு எதற்கு உரிமம், இழுத்துப் பூட்டிவிட்டு உங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். இரண்டு தடவை நேரில் கேட்டேன். இரண்டு தடவையும் "எழுதிக் குடுங்க மாமா" என்றீர்கள். எழுதுகிறேன்.

முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கோப்பில் இருப்பது வேறு, நடந்தது வேறு. எங்கள் தெருவில் எல்லாரும் தெருவிலேயே வண்டியை நிறுத்தி, தெருவிலேயே சரக்கை இறக்கி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தோம். பக்கத்து ப்ளைவுட் கடைக்காரருக்கு லாரி வந்தால் என் வாசல் மறையும், எனக்கு வந்தால் அவர் வாசல் மறையும். இப்படிப் போய்க்கொண்டிருந்த தெருவில் யாரோ ஒரு புண்ணியவான் பெயர் போடாமல் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டான். ஒவ்வொரு கடையும் தன் எல்லைக்குள்ளேயே கார் நிறுத்தவும் சரக்கு இறக்கவும் இடம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது, அது தூங்குகிறது, அதைத் தட்டி எழுப்புங்கள் என்று. அவன் கை விளங்காமல் போக. பெயர் போட்டு எழுதத் துணிச்சல் இல்லாதவன் எல்லாம் ஒரு மனுஷனா? எதிர்வரிசை டியூஷன் வாத்தியார் மேல்தான் எனக்குச் சந்தேகம். இந்தத் தெருவில் கோர்வையாக நாலு வரி எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் காகிதம் உங்கள் மேசைக்கு வந்தது. வேறு வீட்டு மாப்பிள்ளையாக இருந்தால் தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்து, மாமனார் கடை வருவதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். நீங்கள் முதல் நோட்டீஸையே எனக்கு அனுப்பினீர்கள். அதற்கு முந்தின நாள் காலையில்தான் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு, "நல்லாருந்துச்சு அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தபால் முத்திரைத் தேதியைப் பார்த்தால் அந்த நேரத்தில் நோட்டீஸ் உங்கள் கைப்பையிலேயே இருந்திருக்கிறது. கையில் கொடுத்திருந்தால் தபால்தலையாவது மிச்சமாகியிருக்கும். நான் போன் போட்டு, என்ன மாப்பிள்ளை இது என்று கேட்டேன். போனில் ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம், "சொந்தம் பந்தம்னு பாக்கக் கூடாதுன்னு மனுவுலயே எழுதியிருக்கே மாமா" என்றீர்கள். அந்தக் காகிதத்தை எதற்குப் புரட்டினீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு உங்கள் அளவுக்காரர் வந்தார். ஐம்பது சதுர மீட்டருக்கு ஒரு கார், அதற்கு மேல் கொஞ்சம் இருந்தாலும் இன்னொரு கார் என்பது விதியாம். என் கடை நூற்று நான்கு. ஆக மூன்று கார். அந்த நாலு சதுர மீட்டர் எது தெரியுமா? கழிவறையும் அதற்குப் போகும் நடையும். கழிவறைக்காக நான் ஒரு கார் நிறுத்த இடம் விட்டிருக்கிறேன், மாப்பிள்ளை. நூறைத் தாண்டியதால் ஒரு லாரிக்கும் இடம். எல்லாம் சேர்த்து அறுபத்து நான்கு சதுர மீட்டரை இடித்து ஒழித்துக் கொடுத்தேன். காட்சிக்கு வைக்கும் முன்கூடம் போச்சு, வெட்டும் அறை போச்சு. மிச்சம் நாற்பது, அது கண்ணாடிகளை அடுக்கி வைக்கவே சரியாகப் போய்விட்டது. நாற்பது சதுர மீட்டர் கடைக்கு ஒரு கார் போதுமே, லாரி இடமே வேண்டாமே, மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்றால், அளவுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, கணக்கு பழைய வரைபடத்தின் மேல்தான் என்றார். அதாவது இல்லாத கடைக்கு வண்டி நிறுத்த, இருந்த கடையை இடித்திருக்கிறேன்.

இடித்த பிறகும் விட்டாரா? டேப்பைப் பிடித்தார். இரண்டரை மீட்டர் இருக்க வேண்டிய கார் இடம் இரண்டு மீட்டர் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. உங்களுக்கே தெரியும், நான் மீட்டர் ஆள் இல்லை, அங்குலமும் நூலும்தான் எனக்கு. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், அதில் அரை நூல் பிசகினாலும் கண்ணாடி சட்டத்தில் உட்காராது. முப்பது வருஷமாக என் அளவில் ஒருவன் குறை சொன்னதில்லை. அந்த இரண்டு சென்டிமீட்டருக்காகச் சுவரின் பூச்சை நானே உளி வைத்துச் சுரண்டினேன். இப்போது செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அளவு மட்டும் சரியாக இருக்கிறது.

சரி, இவ்வளவு பாடுபட்டு லாரி இடம் தயாரானதே, லாரி உள்ளே வந்ததா? உங்கள் விதியில் லாரிக்கு ஏழரை மீட்டர். எனக்குக் கண்ணாடி கொண்டுவரும் லாரி ஒன்பது மீட்டர். பின்பக்கமாக விட்டால் மூக்கு தெருவில் நீட்டிக்கொண்டு நிற்கிறது, அது விதிமீறல். டிரைவர் இறங்கி வந்து மஞ்சள் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கதான் வெட்டுற ஆளாச்சே, லாரியவும் ஒன்றரை மீட்டர் வெட்டி விட்டுருங்க" என்றார். பிறகு வழக்கம்போல தெருவில் நிறுத்தி, வழக்கம்போல இறக்கிவிட்டுப் போனார். ஆக இறக்க இடம் இருக்கிறது, இறக்குவது தெருவில். வெட்ட ஆள் இருக்கிறது, வெட்டுவது அடுத்தவர் இடத்தில்.

அதையும் கேளுங்கள். பக்கத்து ப்ளைவுட்காரருக்குக் கடைக்குப் பின்னால் காலி மனை இருந்தது. நோட்டீஸ் வந்த ஒரே வாரத்தில் அதைச் சமப்படுத்தி, உங்கள் கையால் சான்றிதழ் வாங்கி, சட்டம் போட்டு மாட்டிவிட்டார். அந்தச் சட்டத்துக்குக் கண்ணாடி வெட்டிக் கொடுத்தவன் நான். என் மேசை நடைபாதையில் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, "எதுக்குண்ணே மழையில விட்டுருக்கீங்க, நம்ம கோடவுன்ல போட்டுக்குங்க" என்று ஆட்களை விட்டுத் தூக்கிக்கொண்டு போனார். இப்போது ஒவ்வொரு கண்ணாடிப் பலகையையும் என் கடையிலிருந்து வெளியே எடுத்து, நடைபாதையில் சுமந்து, அவர் கோடவுனில் வெட்டி, திரும்பச் சுமந்து வருகிறேன். இதுவரை ஐந்து பலகை உடைந்திருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் தினமும் காலையில் எனக்கு முன்னால் வந்து மேசையைத் துடைத்து வைக்கிறார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த மனுஷர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

கார் நிறுத்தும் இடங்களின் கதை தனி. என்னிடம் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் நடந்து வருவார்கள், அளவைச் சொல்லிவிட்டு நடந்து போவார்கள். காரில் வருகிறவர் எவரும் கண்ணாடி வாங்குவதில்லை. ஒரு அம்மணி தினமும் ஒன்பது மணிக்கு நீலக் காரை ஒன்றாம் எண் இடத்தில் நிறுத்துகிறார். கடைக்குள் வந்து பெரிய கண்ணாடி முன் நின்று தலையைச் சரிசெய்கிறார். "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்று சொல்லிவிட்டு நாலு கட்டடம் தள்ளியிருக்கும் தன் ஆபீசுக்குப் போய்விடுகிறார். ஏழு மாதமாக முடிவு பண்ணவில்லை. அளவுக்காரரிடம் முறையிட்டேன். வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வாங்கும் எண்ணம் இருந்தால் வாடிக்கையாளர்தான், விதி அப்படித்தான் சொல்கிறது என்றார். எண்ணத்தை எந்த டேப்பால் அளப்பது என்று நான் கேட்கவில்லை.

இதில் என் நெஞ்சைச் சுட்டது நீங்கள் செய்ததுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் என் மகளும் வந்தீர்கள். மூன்று இடமும் காற்றாடிக் கிடந்தது. நான் வெளியே நின்று கையைக் காட்டுகிறேன். நீங்கள் என்னைத் தாண்டிப் போய், இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, உச்சி வெயிலில் என் மகளை நடத்திக் கூட்டி வந்தீர்கள். கேட்டதற்கு, "அது வாடிக்கையாளருக்கான இடம் மாமா, உறவுக்காரங்க நிறுத்துனா நாளைக்கு யாராச்சும் எழுதிப் போடுவாங்க" என்றீர்கள். என் மகள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். புது வீட்டுக் குளியலறைக்கு மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு கண்ணாடி வேண்டும் என்று அவள் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. கண்ணாடிக்காரன் மகள் கையளவு கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துத் தலை வாருகிறாள். அடுத்தவர் இடத்தில் வைத்து அவளுக்கு வெட்ட எனக்கு மனசு வரவில்லை. என் மேசை என் கடைக்குள் வந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான்.

ஆகவே மாப்பிள்ளை, விதியை மாற்றச் சொல்லவில்லை. கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்கிறேன். மேசைக்காரனும் மனுஷன்தான். நீங்கள் மேலும் மேலும் உயர்ந்து, உங்களுக்கு மேல் கையெழுத்துப் போட ஆளே இல்லாத நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நானும் உங்கள் அத்தையும் வாழ்த்துகிறோம். என் மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அறுபத்து நான்கு சதுர மீட்டரை இழந்த
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இது மறுநாள் எழுதுவது. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் பசை கேட்டேன். உங்கள் அத்தை பசை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்தாள். வாசித்துவிட்டு, "எல்லாம் எழுதிட்டீங்க. அந்த மொட்டைக் கடிதாசிய எழுதுனது யாருன்னு எழுதலையே" என்றாள்.

நான்தான், மாப்பிள்ளை. ப்ளைவுட்காரர் லாரி என் வாசலை அடைத்த ஒரு நாள் ஆத்திரத்தில், யார் கையெழுத்து என்று தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். அவருக்கு உங்கள் ஆபீசில் யாரோ சொந்தம் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் சொந்தம் பந்தம் பார்க்கக் கூடாது என்ற வரியைச் சேர்த்தேன். எனக்கும் அங்கே ஒரு சொந்தம் இருப்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. நீங்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டதாக மகள் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். லாரி தெருவில் பதினோரு அடி நாலு அங்குலம் மூன்று நூல் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருந்தேனாம். தெருவை நூல் கணக்கில் அளக்கிறவன் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறான்? தெரிந்தும் நீங்கள் ஆபீசில் வாயைத் திறக்கவில்லை, வீட்டில் என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

காலையில் ப்ளைவுட்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்ணே, நோட்டீஸ்ல அந்த அளவைப் பாத்தப்பவே தெரியும்" என்றார். துடைப்பதை நிறுத்தவில்லை. கோடவுனுக்கும் என் கடைக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு வைத்துக்கொள்ளலாம், சுமக்க வேண்டாம் என்கிறார். ஆகவே மேலே கேட்ட அனுமதி வேண்டாம். கதவுக்கு என்ன படிவம் என்று மட்டும் சொல்லவும். டியூஷன் வாத்தியாரைப் பற்றி எழுதியதை அடித்துவிடவும். கை விளங்காமல் போக என்றதையும் மறக்காமல் அடித்துவிடவும். அந்தக் கையால்தான் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறேன்.

மகளின் கண்ணாடியைச் சற்று முன்புதான் கோடவுனில் வைத்து வெட்டினேன். மூன்றடிக்கு இரண்டடி, ஒரு நூல் பிசகில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். வண்டியை மூன்றாம் எண் இடத்திலேயே நிறுத்துங்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் போதும்.